பதியாத சாவுகள்

முத்துவீரன் புகார் கொடுக்க வரவில்லை. கதவருகே நின்றபடியே அதை முதலில் சொல்லிவிட்டார்.

மாவட்ட அலுவலகமான கேகாலைக் கச்சேரியின் பின்பக்கம், முன்பு காணிக் கந்தோராக இருந்த நீள அறையில்தான் நிதி மோசடிக் கூட்டுப் பிரிவு இயங்கியது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் பணத்தைப் பறிகொடுத்தவர்கள். வெளிநாட்டு வேலை, விழாத லொத்தர்ச் சீட்டு, வராத பார்சல் என்று கதை மாறும், முகம் மாறாது. இந்த மனிதரின் முகம் அப்படி இல்லை. ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்த கைகளைப் பிசைந்துகொண்டு, நல்ல செய்தி கொண்டுவந்தவர் போல நின்றார். சார்ஜன் கிருஷ்ணராஜுக்கு அதுவே உறுத்தியது.

"உக்காருங்க. யார் உங்கள ஏமாத்துனது?"

"என்னை யாரும் ஏமாத்தலைங்க சேர். என் பொண்டாட்டிய கண்டுபுடிச்சுக் குடுங்க. அவ உசுரோட இருக்கா."

அவர் ஊத்துமலைத் தோட்டம் என்று சொன்னதும் கிருஷ்ணராஜின் பேனா நின்றது. மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் தொழிலாளர்களின் லய வீடுகள் மழை இரவொன்றில் மண்ணோடு போனபோது, தோண்டப் போன பொலிஸ்காரர்களில் அவரும் ஒருவர். தோண்டுவதை நிறுத்தச் சொன்ன நாளில் இன்னும் பலர் உள்ளேதான் இருந்தார்கள். இப்போதும் கடும் மழை பெய்தால் அவருக்கு அந்த மண்ணின் வாடை மூக்கில் ஏறும். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிடுவார்.

"உங்க மனைவி பேரு?"

"கலைச்செல்வி. அவ பொணம் கெடைக்கலைங்க. போன கிழமை மாவனல்லை பேங்குக்குப் போனேன். கவுன்டர்ல இருந்த பிள்ள கேக்குது, உங்க சம்சாரத்துக்கு போன் கணக்கு ஒண்ணு ஓடுதே, போன மாசம்கூட சல்லி எடுத்திருக்காங்களே, அவங்களுக்கு பேங்க் புத்தகம் தேவையில்லையான்னு. தலையில அடிபட்டு, எல்லாம் மறந்து, எங்கயோ இருக்கா சேர். சல்லி எடுத்த எடத்தைச் சொன்னீங்கன்னா நான் போய்க் கூட்டிக்கிட்டு வந்திருவேன்."

அறையின் கோடியில் இருந்த மேசையிலிருந்து ஸாஹிரா எழுந்து வந்தார். பிரிவின் தலைவி அவர்தான். மாவனல்லைக்காரர், வங்கிப் பரிசோதகராக இருபது வருடம் இருந்தவர். யாரிடமும் அவர் குரல் உயர்ந்து கிருஷ்ணராஜ் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்து முத்துவீரனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"பேங்க்ல சொல்றதுக்கு முன்னாடியே, அவங்க இருக்கிறாங்கன்னு உங்களுக்கு மனசுல இருந்துச்சா?"

"சொன்னா சிரிப்பீங்க மேடம். அவ போன் அடிக்கும்ங்க. மண்ணுக்குள்ள இருந்து. நான் மட்டுமில்ல, எல்லாரும் கேட்டிருக்கோம். வெளக்கு வைக்கப் போறப்ப, மண்ணுக்குள்ள இருந்து மணி அடிக்கும். அப்புறம் நின்னுரும்."

ஸாஹிரா சிரிக்கவில்லை. "அவங்க சாவைப் பதிஞ்சீங்களா?"

"பொணத்தைப் பாக்காம எப்படிங்க எழுதிக் குடுக்கிறது? அது நாங்களே கொன்ன மாதிரில்ல."

"அது உங்களுக்கா தோணுச்சா, யாரும் சொன்னாங்களா?"

"எல்லாரும் அப்படித்தாங்க பேசிக்கிறோம்," என்றார் அவர்.

அவர் போனதும் கிருஷ்ணராஜ் பொறுக்க முடியாமல் சொன்னார்: "மேடம், அந்த மண்ணுக்குள்ள எதுவும் உசுரோட இருக்க முடியாது. நான் பார்த்தவன்."

"தெரியும்," என்றார் ஸாஹிரா. "ஆனா போன் அடிக்குதுன்னு அவர் பொய் சொல்லல்ல."

*

கூட்டுப் பிரிவு என்று பெயர் வைத்தபோது கொழும்பில் பலர் சிரித்திருக்கிறார்கள். பொலிசுக்கு ஒரு கதவு, வங்கிக்கு ஒரு கதவு, தொலைபேசிக்கு ஒரு கதவு, அடையாள அட்டைக்கு ஒரு கதவு. ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குக் கடிதம் போய் வருவதற்குள் கள்ளன் பேரப்பிள்ளை பார்த்துவிடுவான். ஸாஹிரா அந்த நான்கு இடத்திலிருந்தும் ஆளைக் கொண்டுவந்து ஒரே மேசையில் உட்காரவைத்தார். அவருக்கு ஒரே ஒரு விதிதான். விளங்கிய விஷயத்தை யாரும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. விளங்காததைக் கொண்டுவர வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை வங்கி அதிகாரிதான் முதலில் பேசினார். ருமேனியாவில் வேலை என்று சொல்லி கலவானையிலும் பெல்மதுளையிலும் ஏழைகளிடம் வாங்கிய பணம், போன் மூலம் திறந்த சில கணக்குகளுக்குள் போகிறது, பிறகு மொத்தமாக வெளியேறிவிடுகிறது. அப்படிப்பட்ட கணக்குகளில் பதினொன்று ஒரே தோட்டத்து ஆட்களுடையவை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட ஒரு தடவையும் வங்கிக்கு நேரில் வந்ததில்லை.

அடையாள அட்டைத் திணைக்களத்து அதிகாரி தலையசைத்தார். "எங்க கணினியில பதினொரு பேரும் உயிரோட இருக்கிறாங்க. ஒரு குறையும் இல்ல."

வங்கி அதிகாரி பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது பெயரில் கிருஷ்ணராஜ் நிமிர்ந்தார். அந்தப் பெயர்களை அவர் எழுத்தாக அல்ல, குரலாக அறிவார். மழையில், மண் விளிம்பில் நின்று பெண்கள் கூப்பிட்ட பெயர்கள்.

"நிப்பாட்டுங்க," என்றார். "மிச்சத்தை நான் சொல்றேன்." சொன்னார். ஒன்றும் பிசகவில்லை. "இவங்க எல்லாம் ஊத்துமலையில மண்ணுக்குள்ள இருக்கிறவங்க மேடம்."

"பிணம் கிடைச்சவங்க யாரும் இதுல இருக்கிறாங்களா?"

கிருஷ்ணராஜ் யோசித்தார். "ஒருத்தர்கூட இல்ல."

கடைசியாகத் தொலைத்தொடர்பு அதிகாரி தன் விளங்காத விஷயத்தை வைத்தார். இந்தப் பதினொரு சிம்களும் மாதம் முழுக்கச் செத்துக் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் மட்டும், அந்தி நேரத்தில் விழிக்கின்றன. விழிப்பது எப்போதும் ஊத்துமலைத் தொலைபேசிக் கோபுரத்தில். வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் இரகசிய இலக்கத்தை எடுத்துப் பணத்தை நகர்த்தியதும் மறுபடி உறங்கிவிடுகின்றன. "சம்பள நாளும் இல்ல, மாசக் கடைசியும் இல்ல. தேதியில ஒரு ஒழுங்கும் தெரியல்ல."

ஸாஹிரா அந்தத் தேதிகளை வாங்கிப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய மாவனல்லைப் பள்ளிவாசல் கலண்டரை எழுந்து புரட்டினார்.

"ஒவ்வொண்ணும் நாங்க பிறை பார்க்கிறதுக்கு முந்தின நாள், இல்லாட்டி அதே நாள்," என்றார் மெதுவாக. "சார்ஜன், உங்களுக்கு அது என்ன நாள்?"

"அமாவாசை," என்றார் கிருஷ்ணராஜ்.

*

வங்கியிடம் குரல் பதிவு ஒன்றும் இருந்தது. பெரிய தொகை போனபோது சந்தேகப்பட்டு, வங்கியிலிருந்து கலைச்செல்வியின் போனுக்கு அழைத்திருக்கிறார்கள். அதைக் கேட்க முத்துவீரனை வரச்சொன்னார் ஸாஹிரா. வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி வந்திருந்தார் அவர்.

பதிவில் ஒரு பெண் தாழ்ந்த குரலில், கையால் வாயை மறைத்துப் பேசுவதுபோலப் பேசினாள். வங்கியில் இருந்தவர் பெயர் கேட்டார். கலைச்செல்வி என்றாள். அடையாள அட்டை இலக்கத்தைத் தடுமாறாமல் சொன்னாள். முகவரி கேட்டபோது, "ஊத்துமலை, நாயப் பகுதி" என்று தொடங்கி, சட்டென்று, "மேல்கணக்கு" என்று திருத்திக்கொண்டாள்.

"அவதான்," என்றார் முத்துவீரன். கண் நிறைந்துவிட்டது. "சளி புடிச்சா அவளுக்கு இப்படித்தான் தொண்டை கம்மும்."

ஸாஹிரா பதிவை இன்னொரு தடவை ஓடவிட்டு, ஒலியைக் கூட்டினார். பெண்ணின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், யாரோ நீட்டி நீட்டிக் கூப்பிடுவது கேட்டது. ஆண் குரல். "கலைச்செல்வி... ஏ கலைச்செல்வி..."

கிருஷ்ணராஜ் ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தார். முத்துவீரன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அது நானுங்க," என்றார். "வெளக்கு வச்சுட்டு அவங்கவங்க ஆளை மூணு தடவை கூப்புடுவோம்." அடுத்து அவர் சொன்னதை கிருஷ்ணராஜ் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார். "அப்ப அவ அங்கதான் இருந்திருக்கா. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்கு."

ஸாஹிரா அந்தப் பேச்சைத் தொடவில்லை. "நாயப் பகுதின்னு ஒரு சொல் வருது. நீங்க அப்படிச் சொல்றதா?"

முத்துவீரனின் முகம் மாறியது. "அந்தப் பேரை நாங்க வாயில எடுக்க மாட்டோம் மேடம். சிங்களத்துல மண்சரிவுக்கு நாயன்னு சொல்றாங்க, தெரியும். கந்தோர்க்காரங்களும் ஆமிக்காரங்களும் அப்படித்தான் பேசினாங்க. ஆனா எங்க சனம் செத்த எடத்துக்கு நாய்ப் பகுதின்னா பேரு வைக்கிறது? அதுக்கு ஒருநா பெரிய சண்டையே வந்துச்சு. எங்களுக்கு அது எப்பவும் மேல்கணக்குதான்."

"கலைச்செல்வி அப்படிச் சொல்வாங்களா?"

"வெளியில இருந்து பழகியிருப்பா," என்றார். ஆனால் அந்தக் குரலில் முன்பிருந்த நிச்சயம் இல்லை.

*

மாவனல்லையிலிருந்து ஏறும் பாதை ரப்பர் மரங்களுக்குள் நுழைந்ததும் பகலிலேயே இருட்டியது. ஊத்துமலை உச்சியில் ஜீப்பை நிறுத்தினார்கள். மேல்கணக்கு இருந்த இடம் மலையைக் கரண்டியால் அள்ளியெடுத்ததுபோலக் கிடந்தது. மூன்று பக்கமும் செம்மண் சுவர். நடுவில் புல் மூடிய மேடு. கிருஷ்ணராஜ் இருமினார். இருமல் எதிரே இருந்து வந்தது, பிறகு பக்கத்திலிருந்து, பிறகு காலடியிலிருந்து. ஸாஹிரா ஒரு கணம் நின்று அதைக் கேட்டார்.

அமாவாசை விளக்குக்கு யார் யார் வருவார்கள் என்று விசாரித்தார்கள். குடும்பங்கள் வரும். எல்லோரும் கீழ்க்கணக்கில் புது வீடுகளில் இருப்பவர்கள். தோட்டத்துக் கிளாக்கர் நாகலிங்கம் வந்து கேற்றைத் திறந்துவிடுவார். அவர் கந்தோருக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர். பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கும் சுஜீதா வருவார்; எல்லோரையும் ஒன்றாகப் பிடிக்க அதுதான் வசதி என்று. அப்புறம் இராஜம் அக்கா. எண்ணெயும் சிட்டி விளக்கும் அவர்தான் கொண்டுவருவார்.

மகனைப் பறிகொடுத்த மூக்காயி அந்த இரண்டு பெண்களைப் பற்றியும் சொன்னாள்.

"இந்த சுஜீதா புள்ள இருக்கே, வாரத்துல ரெண்டு தடவை வந்து நிக்கும். சாவைப் பதிங்க, சாவைப் பதிங்கன்னு ஒரே பாட்டு. நட்டஈடு வருமாம். எனக்கு எதுக்குய்யா நட்டஈடு? இராஜம் அக்கா அப்படியா? டவுன்ல பெரிய கடைக்காரக் குடும்பம், அவங்களுக்கு இங்க என்ன வேலை? ஒவ்வொரு அமாவாசைக்கும் பெல்மதுளையில இருந்து பஸ் ஏறி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காருவாங்க. மண்ணுக்குள்ள போன் அடிக்கிறப்ப அவங்கதான் சொன்னாங்க, இந்தா கூப்புடுறான் பாருன்னு. பொணத்தைப் பாக்காம பேரை வெட்டிராதீங்கன்னு கும்புட்டுச் சொன்னாங்க. அந்த வார்த்தையிலதான் நான் ஓடிக்கிட்டு இருக்கேன்."

இராஜத்தை அன்றே பார்க்க முடிந்தது; பதிவு பற்றிய கூட்டத்துக்காக சுஜீதா அவரையும் வரச்சொல்லியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நூல் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, சிரிக்காதபோதும் சிரிப்பதுபோன்ற கண்கள். மண்சரிவு நேரம் பாடசாலை முகாமில் மூன்று மாதம் தங்கியிருந்தாராம். வந்த அதிகாரிகள் எல்லாம் சிங்களம். இந்த மக்களின் அடையாள அட்டை முதலான விவரத்தை எல்லாம் கேட்டுச் சிங்களத்தில் சொன்னது அவர்தான்.

"மேல்கணக்கு சனங்க என் சொந்தம் மாதிரி மேடம்," என்றார். "அவங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. ஆறுதல்தான்."

சுஜீதா அப்படி இனிக்கப் பேசவில்லை. ஒல்லியான, களைத்துப்போன பெண். கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். "நாயப் பகுதியில பதியாத கேஸ் எல்லாம் இந்த வருஷத்துக்குள்ள முடிக்கணும் மேடம். என்னை இங்க யாருக்கும் புடிக்காது. மண் அள்ளி எறிஞ்சவங்களும் இருக்கிறாங்க."

கிருஷ்ணராஜ் ஸாஹிராவைப் பார்த்தார். ஸாஹிரா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரத்தில், எல்லோரும் பார்க்க, சுஜீதாவை ஜீப்பில் ஏறச் சொன்னார். "கேகாலைக்கு வாங்க. கொஞ்சம் விசாரிக்கணும்." சுஜீதா வெளிறிப்போய் ஏறினார். வீட்டு வாசல்களில் பெண்கள் கூடி நின்றார்கள். இராஜம், "பாவம், சின்னப் பிள்ள" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

திரும்பும் வழியெல்லாம் கிருஷ்ணராஜுக்கு உள்ளே நெருப்புப் பற்றியிருந்தது. நாயப் பகுதி என்ற அந்தச் சொல் சுஜீதாவை மாட்டிவிட்டது. பதினொரு பேரின் விவரமும் அந்தப் பெண்ணின் கந்தோரில் இருக்கிறது. ஆள் கிடைத்தாயிற்று. ஆனால் ஸாஹிரா சுஜீதாவைக் கச்சேரி வாசலில் இறக்கி, தனியே கூட்டிப்போய் நெடுநேரம் பேசினார். பிறகு வந்து, "அமாவாசைக்கு ஊத்துமலைக்குப் போவோம், சார்ஜன். நீங்க பொலிஸ் உடுப்பு இல்லாம, சாரம் கட்டிக்கிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார்.

*

அமாவாசை அன்று பின்னேரமே பனி இறங்கிவிட்டது. தலையில் துண்டைப் போர்த்துக்கொண்டு கிருஷ்ணராஜ் கூட்டத்தின் பின்னால் மூக்காயி பக்கத்தில் நின்றார். கீழே ரப்பர் மரங்களுக்குள் ஸாஹிராவும் பொலிசாரும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சுஜீதாவைக் கண்டபோது கிருஷ்ணராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விலங்கும் இல்லை, காவலும் இல்லை. ஸாஹிராவின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இராஜம் பெரிய துணிப்பையோடு வந்தார். சிட்டி சிட்டியாக எண்ணெய் ஊற்றினார். விளக்குகள் ஒவ்வொன்றாக மேட்டில் ஏறின. பிறகு கூப்பிடத் தொடங்கினார்கள்.

கிருஷ்ணராஜ் அதை முன்பு கேட்டிருக்கிறார், இப்படிக் கேட்டதில்லை. பதினொரு பெயர்கள், ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றையும் செம்மண் சுவர் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. யாரோ உள்ளிருந்து பதில் சொல்வது போலத்தான் இருந்தது. மூக்காயி கூப்பிட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் காத்திருந்தாள். அவருக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

அப்போது போன் அடித்தது.

பழைய மாதிரி மணிச்சத்தம். இடப்பக்கத்திலிருந்து வந்தது, வலப்பக்கத்திலிருந்து வந்தது, காலடியிலிருந்து வந்தது. கூட்டம் அப்படியே உறைந்தது. முத்துவீரன் முழந்தாளிட்டு, கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்துவிட்டார். ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கிருஷ்ணராஜும்கூட, உள்ளே உயிர் எதுவும் இல்லை என்று தெரிந்திருந்தும், மண்ணைத்தான் பார்த்தார்.

எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். இராஜம் மட்டும் தன் பையைப் பார்த்தார்.

ஒரே கணம்தான். ஆனால் அது போதும். கிருஷ்ணராஜ் எட்டு வைத்துப் போய் அந்தப் பையைப் பிடித்தார். மணி அவர் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஸாஹிரா ஏறி வந்தார். அவர் காதில் போன் இருந்தது. அவர் தன் போனை அணைத்ததும், பையிலிருந்த மணி நின்றது.

"கலைச்செல்வியோட இலக்கம்," என்றார் ஸாஹிரா. "நான்தான் கோல் எடுத்தேன்."

பையில் எண்ணெய்ப் போத்தல்களுக்கு அடியில், பழந்துணியில் சுற்றியபடி, பதினொரு சிறிய போன்கள் இருந்தன.

ஸாஹிரா அந்த மக்களைப் பார்த்துத்தான் பேசினார், இராஜத்தைப் பார்த்து அல்ல.

"வெளிநாட்டு வேலைன்னு சொல்லி ஏழைங்க கிட்ட அடிச்ச காசு, உங்க ஆட்கள் பேரால திறந்த கணக்குல போய்ச் சேர்ந்தது. அந்தக் கணக்கு வேலை செய்யணும்னா அவங்க சாகக் கூடாது. கணினியில உயிரோட இருக்கணும். அதனாலதான் சாவைப் பதிஞ்ச ஒருத்தர் பேரும் இதுல இல்ல."

"ஆனா நாயன்னு சொன்னது..." என்று கிருஷ்ணராஜ் தன்னை மீறிக் கேட்டுவிட்டார்.

"சொன்னவங்க இந்தத் தோட்டத்து ஆள் இல்லன்னு அதுல தெரிஞ்சது. சிங்கள அதிகாரிகளோட சேர்ந்து இந்த இடத்தைப் பத்திப் பேசிப் பழகினவங்க. அப்படி ரெண்டு பேர். சுஜீதா பகிரங்கமாச் சொல்றவங்க; அன்னைக்கு அவங்களை ஜீப்புல ஏத்தினது, உண்மையான ஆள் பயமில்லாம வரட்டும்னுதான். இன்னொருத்தர் முகாம்ல மூணு மாசம் அந்தச் சொல்லைத் தமிழாக்கினவங்க. உங்க முன்னாடி அடக்கிக்குவாங்க; போன்ல வாய் தவறிடுச்சு, உடனே திருத்தினாங்க. அந்தச் சொல் உங்களை நோகடிக்கும்னு தெரிஞ்சவங்க மட்டும்தான் அதைத் திருத்துவாங்க. இந்த ஊர் போன் இந்த ஊர்ல விழிச்சா வங்கிக்குச் சந்தேகம் வராது. அதுக்காகத்தான் இங்க கொண்டு வந்தாங்க. கிளாக்கர் இங்கேயே இருக்கிறவர். சுஜீதா வாரத்துல ரெண்டு தடவை வாறவங்க. அவங்க யாருக்கும் அமாவாசை வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. அமாவாசைக்கு மட்டும் தானா வர்றவங்க ஒருத்தர்தான்."

"மணிச்சத்தம் எதுக்குங்க?" என்றார் முத்துவீரன். எழுந்திருக்கவில்லை, மண்ணில் உட்கார்ந்திருந்தார். "சத்தம் இல்லாம வச்சிருக்கலாமே."

"வச்சிருக்கலாம். கள்ளன் சத்தம் போட மாட்டான். இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கணும்னே, வேற ஆளை கோல் எடுக்க வச்சுப் போட்டது. அது கேக்கிற வரைக்கும் நீங்க யாரும் சாவைப் பதிய மாட்டீங்க. அன்னைக்கு மூணு தடவை நீங்க கூப்பிட்டப்ப, தள்ளி மரங்களுக்குள்ள நின்னு கலைச்செல்வியா பேசினது இவங்கதான்."

முத்துவீரன் இராஜத்தை நிமிர்ந்து பார்த்தார். இராஜம் அழவில்லை. திருநீறு வேர்வையில் கரைந்திருந்தது.

"காசு எனக்கு வந்தது, இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "கொழும்புல இருந்து ஆள் கேட்டான், இவங்க விவரத்தைக் குடுத்தேன். ஆனா நான் வந்த பிறகுதான் இவங்க சோறு தின்னாங்க. அதைக் கேட்டுப் பாருங்க. நட்டஈட்டுக் கடுதாசியோட வந்தீங்களே நீங்க எல்லாம், யாராவது இவங்க கையைப் புடிச்சீங்களா?"

சுஜீதா தலை குனிந்துகொண்டார்.

மூக்காயி நடந்து போனாள். இராஜத்தின் முன்னால் நின்று, வழக்கம்போல அவர் கையைத் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். திட்டவில்லை. கோபம்கூட இல்லை.

"அக்கா," என்றாள், "அப்ப அவன் வர மாட்டானா?"

இராஜம் வாயைத் திறந்தார். எத்தனையோ அமாவாசையில் தட்டாமல் வந்த பதில் அன்றைக்கு வரவில்லை. மூக்காயி காத்திருந்தாள். கிருஷ்ணராஜ்தான் கடைசியில் அவள் விரல்களை மெல்லப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

*

போன்கள் பேசின. வங்கி அதிகாரி காசின் வழியைப் பிடித்தார். தொலைத்தொடர்பு அதிகாரி கொழும்பு ஆளின் இலக்கத்தைப் பிடித்தார். மற்ற மாவட்டங்களில் இதேபோல் கணினியில் மட்டும் உயிரோடு இருந்த வேறு சில இறந்தவர்களையும் அடையாள அட்டைக்காரர் கண்டெடுத்தார். ஒரே மேசையில் அது பத்து நாள் வேலை. கிருஷ்ணராஜுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

முத்துவீரன் ஒரு வியாழக்கிழமை காலையில் மாவனல்லைக்கு வந்தார். துணைக்கு வாங்க சேர் என்று கேட்டதால் கிருஷ்ணராஜும் வந்திருந்தார். பிரதேச செயலகத்தில் சுஜீதா முத்துவீரனை நாற்காலியில் உட்காரவைத்து, சாவுப் பதிவுப் பத்திரத்தின் ஒவ்வொரு கேள்வியையும் மெதுவாகக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை. ஒரு இடத்தில் அவர் பேச்சு நின்றபோது சுஜீதா பேனாவை வைத்துவிட்டு, அவர் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு இருந்தார். கையெழுத்துப் போட்டதும் முத்துவீரன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே வெயில் அடித்தது. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு முடிவெட்டும் கடையைக் கண்டு நின்றார். உள்ளே போய் உட்கார்ந்தார். கிருஷ்ணராஜ் வாசலில் நின்றார்.

"என்ன மாதிரி வெட்ட?" என்றார் கடைக்காரர்.

"மொட்டை."

"நேர்த்திக்கடனா?"

"இல்லிங்க. பொண்டாட்டி செத்துட்டா."

கடைக்காரர் கை தாழ்ந்தது. "அல்லாஹ். எப்ப?"

முத்துவீரன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான்," என்றார்.